மலைத் தீபமும் செல்பேசிக் கோபுரமும்: செலுத்துதிறன், தரவு வேகம் – ஒரு வரலாறு

செல்பேசிக் கோபுரமோ செல்பேசியோ வானலையாக வெளியிடும் ஆற்றலின் அளவு செலுத்துதிறன் எனப்படும். இது வாட் அலகில் அளக்கப்படுகிறது. ஒரு நொடியில் எத்தனை பிட் தகவல் பிழையின்றிச் சென்று சேர்கிறது என்பது தரவு வேகம். திறனைக் கூட்டினால் வேகமும் அதே அளவு கூடும் என்பது பொதுவான எண்ணம். கடந்த முப்பது ஆண்டுகளின் வரலாறு வேறு விதமாகச் சென்றிருக்கிறது. 1990-களின் செல்பேசி 2 வாட் வரை செலுத்தி நொடிக்கு 9.6 கிலோபிட் தரவை அனுப்பியது. இன்றைய 4ஜி செல்பேசி அதில் பத்தில் ஒரு பங்கான 0.2 வாட்டைச் செலுத்திப் பல மெகாபிட்டுகளை அனுப்புகிறது.

இந்த வரலாற்றைத் திருவண்ணாமலையை வைத்துப் பார்ப்பது எளிது. ஆண்டுக்கு ஒரு முறை கார்த்திகைத் தீபத்தன்று பல லட்சம் பேர் ஒரே ஊரில் கூடுகிறார்கள். அதே மாவட்டத்தின் மேற்கே, ஜவ்வாது மலையின் பள்ளத்தாக்குகளில், கோபுரத்தின் அலை எட்டாத சிற்றூர்கள் இருக்கின்றன. கூட்டம் ஒரு முனை, தொலைவு மறு முனை. திறனும் வேகமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை இவ்விரண்டும் காட்டிவிடும்.

ஆண்டுக்கு ஒரு பிட்

2,668 அடி உயரமுள்ள அண்ணாமலையின் உச்சியில் செப்புக் கொப்பரையில் ஏற்றப்படும் மகாதீபத்தைத் தகவல்தொடர்பாகவும் பார்க்கலாம். மாலை 6 மணிக்குக் கோயிலில் அர்த்தநாரீசுவரர் எழுந்தருளும் வேளையில் மலையில் தீபம் ஏற்றப்படுகிறது. பருவதராச குலத்தினர் வழிவழியாக இப்பணியைச் செய்கின்றனர். மலையில் ஒளி தெரிந்த பிறகே சுற்றுவட்டாரத்து வீடுகளில் அகல் ஏற்றுவார்கள். ஆயிரக்கணக்கான கிலோ நெய், ஆயிரம் மீட்டர் அளவுக்குத் திரித்துணி என்று எரியும் இந்தச் சுடர் வானம் தெளிந்திருந்தால் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலும் தெரியும் என்பர்.

அன்றைய மாலையில் அது சொல்லும் செய்தி ஒன்றே: ஏற்றியாயிற்று, அல்லது இன்னும் இல்லை. தகவலியலின் மொழியில் இது ஒரு பிட். அந்த ஒரு பிட்டின்மேல் அவ்வளவு ஆற்றலையும் கொட்டுவதால்தான் அது அத்தனை தூரம் போகிறது. அதே கொப்பரையைத் துணியால் மூடித் திறந்து நொடிக்கு நூறு எழுத்துகள் அனுப்ப முயன்றால், ஒவ்வொரு எழுத்துக்கும் கிடைக்கும் ஒளி நூறில் ஒரு பங்காகிவிடும். தொலைவில் இருப்பவருக்கு அது இருளிலிருந்து பிரித்தறிய முடியாத மினுக்கம் மட்டுமே. ஒரு பிட்டுக்கு எவ்வளவு ஆற்றல் கிடைக்கிறது என்பதே அடிப்படை. செல்பேசிப் பொறியியலின் எல்லாத் தலைமுறைகளும் இந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கின்றன.

சானனின் வாய்பாடு

கணக்குக்கு உரிய வடிவம் 1948-இல் கிடைத்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய கிளாட் சானன் அந்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், ஒரு தடத்தில் பிழையின்றி அனுப்பக்கூடிய பெரும வேகத்தை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன என்று நிறுவினார். ஒன்று, கிடைக்கும் அலைக்கற்றையின் அகலம். மற்றொன்று, வந்து சேரும் குறிகையின் திறனுக்கும் இரைச்சலின் திறனுக்கும் உள்ள விகிதம். வேகம் அகலத்துக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. திறன் விகிதத்துக்கோ மடக்கை முறையில்தான் வளர்கிறது. எல்லாச் சிக்கலும் இந்த மடக்கையில்தான் இருக்கிறது.

5 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு தடத்தை எடுத்துக்கொள்வோம். குறிகையும் இரைச்சலும் சமமாக இருந்தால் எல்லை வேகம் நொடிக்கு 5 மெகாபிட். அதை 10 மெகாபிட் ஆக்கக் குறிகை இரைச்சலைப் போல 3 மடங்கு வேண்டும். 15 மெகாபிட்டுக்கு 7 மடங்கு, 20 மெகாபிட்டுக்கு 15 மடங்கு, 50 மெகாபிட்டுக்கு 1,023 மடங்கு. கோபுரத்தின் அருகில், குறிகை ஏற்கெனவே வலுவாக உள்ள இடத்தில், திறனை இரட்டித்தால் கூடுவது ஏறத்தாழ 5 மெகாபிட் மட்டுமே.

தொலைவில் நிலைமை வேறு. குறிகை இரைச்சலில் பத்தில் ஒரு பங்காக இருக்கும் ஓரத்தில் அதே தடம் தருவது சுமார் 0.69 மெகாபிட். அங்கே திறனை இரட்டித்தால் வேகம் சுமார் 1.3 மெகாபிட்டாகி, கிட்டத்தட்ட இரட்டிக்கிறது. ஆக, திறன் என்பது ஏழைக்குக் கொடுத்த காசு போலத் தொலைவில் பயன்படுகிறது. அருகில் இருப்பவரிடம் அது பெரும்பாலும் வீணாகிறது.

தூரத்தையும் திறனால் வாங்குவது கடினம். திறந்த வெளியில் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப அலை மெலிகிறது. வீடுகளும் மரங்களும் நிறைந்த இடத்தில் அது தொலைவின் நான்காம் அடுக்கை ஒட்டி மெலியும். அத்தகைய இடத்தில் கோபுரத்தின் திறனை இரண்டு மடங்காக்கினால் எல்லை சுமார் 19 விழுக்காடுதான் விரியும்.

ஜிஎஸ்எம்: 35 கிலோமீட்டர் வேலி

1995 சூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியது இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு. அதே ஆண்டில் சென்னையில் ஆர்பிஜி செல்லுலார், ஸ்கைசெல் ஆகிய சேவைகள் வந்தன. சென்னைக்கு வெளியேயுள்ள தமிழ்நாடு வட்டத்தில் ஏர்செல் 1999-இல் தொடங்கியது. பிஎஸ்என்எல் 2002-இல் செல்பேசிச் சேவையில் இறங்கிய பிறகு சிறு நகரங்களில் கோபுரங்கள் பெருகின.

இந்த ஜிஎஸ்எம் முறையில் ஒரு தடத்தின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். அதை எட்டுப் பேர் நேரத் துண்டுகளாகப் பகிர்ந்துகொண்டனர். 900 மெகாஹெர்ட்ஸில் செல்பேசி 2 வாட் வரை செலுத்தலாம். கோபுரத்துக்கு அருகே வந்துவிட்டால் 2 டெசிபல் படிகளாகத் திறனைக் குறைத்துக்கொள்ளும்படி கோபுரமே ஆணையிடும். அந்நாளில் திறன் கூடினாலும் குறைந்தாலும் வேகம் மாறாது. குரலுக்கு 13 கிலோபிட், தரவுக்கு 9.6 கிலோபிட், கிடைத்தால் முழுமையாகக் கிடைக்கும், இல்லையென்றால் அழைப்பு அறுந்துவிடும். திறனின் வேலை எல்லையைத் தீர்மானிப்பது மட்டுமே.

அந்த எல்லைக்கும் ஒரு வேடிக்கையான வேலி இருந்தது. தொலைவிலுள்ள செல்பேசியின் அலை தாமதமாக வந்து அடுத்தவரின் நேரத் துண்டில் விழாதிருக்க, அதை முன்கூட்டியே அனுப்பச் சொல்லும் கணக்கு ஜிஎஸ்எம்மில் உண்டு. அந்தக் கணக்கில் 63 படிகள்தான். ஒரு படி சுமார் 550 மீட்டர். எனவே எவ்வளவு திறன் இருந்தாலும் சாதாரண அமைப்பில் 35 கிலோமீட்டருக்கு அப்பால் இணைப்பு இல்லை. 40 கிலோமீட்டர் தெரியும் தீபத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

திறனும் வேகமும் முதன்முதலாகக் கைகோத்தது ஜிபிஆர்எஸ் வந்தபோது. அதில் நான்கு குறியீட்டு முறைகள் இருந்தன. குறிகை மோசமாக இருந்தால் பிழைதிருத்தப் பிட்டுகளை நிறையச் சேர்த்து ஒரு நேரத் துண்டுக்கு 9.05 கிலோபிட்; நன்றாக இருந்தால் காப்பைக் கழற்றிவிட்டு 21.4 கிலோபிட். அடுத்து வந்த எட்ஜ் முறை ஒரே துடிப்பில் மூன்று பிட்டுகளை ஏற்றி இதை 59.2 கிலோபிட் வரை கொண்டுபோனது.

எட்ஜில் ஒரு முரண் வெளிப்பட்டது. மூன்று பிட்டுகளைச் சுமக்கும் அலையின் உயரம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைச் சிதைக்காமல் பெருக்க வேண்டுமானால் பெருக்கியை அதன் உச்சத்துக்கு ஓட்டக் கூடாது. எனவே வேகமாக அனுப்பும்போது செல்பேசி தன் திறனைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது: 2 வாட் செலுத்தக்கூடிய கருவி எட்ஜ் முறையில் பெரும்பாலும் 0.5 வாட்டுக்கு இறங்கியது. வேகத்துக்குத் திறன் அதிகம் தேவைப்படும் அதே நேரத்தில் கருவி குறைவாகவே தர முடிந்தது. இந்தச் சங்கடம் 4ஜி, 5ஜி வரை தொடர்கிறது.

சென்னை ஐஐடியின் குறுக்குவழி

குறைந்த திறனில் கிராமத்துக்குத் தரவு கொண்டுபோகும் முயற்சி தமிழ்நாட்டில் தனியாகவும் நடந்தது. சென்னை ஐஐடியில் அசோக் சுன்சுன்வாலா, பாசுகர் இராமமூர்த்தி முதலியோர் இயங்கிய டெனெட் குழு 1990-களில் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. அதன் உச்சத் திறன் கால் வாட் மட்டுமே. ஆனாலும் நிலைநிறுத்திய, திசை பார்த்த ஆன்டெனாவைக் கூரையில் வைத்து, தடையற்ற நேர்கோட்டுப் பார்வை கிடைத்தால் 10 கிலோமீட்டர் வரை எட்டியது. தரவு வேகம் 35 அல்லது 70 கிலோபிட். 2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் கிராம இணைய மையங்கள் இம்முறையில் இயங்கின. வெளியிடும் திறனைக் கூட்டாமல், வெளியிட்டதைச் சிதறவிடாமல் ஒரு திசையில் குவிக்கும் இந்த வழி, இருபது ஆண்டுகள் கழித்து 5ஜியில் வேறு வடிவில் திரும்பியது. கார்டெக்ட்டை மலிவான செல்பேசி ஓரங்கட்டிவிட்டது என்பது வேறு கதை.

மூச்சு விடும் வட்டம்

3ஜி முறையில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் குறியீடு. கோபுரம் குறியீட்டை வைத்து ஆளைப் பிரிக்கிறது. மற்ற எல்லோரும் அவருக்கு இரைச்சல். கோபுரத்தடியில் நிற்பவர் உரத்துப் பேசினால் தொலைவில் இருப்பவர் மூழ்கிப்போவார். அதனால் 3ஜி கோபுரம் ஒவ்வொரு செல்பேசிக்கும் நொடிக்கு 1,500 முறை திறனைக் கூட்டு, குறை என்று ஆணையிட்டது. இதற்கு முன்பே வந்த சிடிஎம்ஏ முறையில் இந்த ஆணை நொடிக்கு 800 முறை.

இம்முறையில் வேகத்துக்கும் திறனுக்கும் உள்ள உறவு வெளிப்படையானது. அலை நொடிக்கு 38.4 லட்சம் துணுக்குகளாக விரிகிறது. 12.2 கிலோபிட் குரலுக்கு ஒரு பிட்டின்மேல் சுமார் 315 துணுக்குகள் சேரும். 384 கிலோபிட் தரவுக்குப் பத்தே துணுக்குகள். ஒரு பிட்டுக்கு அதே அளவு ஆற்றல் வேண்டுமானால் தரவு அனுப்புபவர், பேசுபவரைப் போல ஏறத்தாழ 31 மடங்கு திறனைச் செலுத்த வேண்டும். அவ்வளவும் பக்கத்தில் இருப்பவருக்கு இரைச்சலாகும்.

கூட்டம் கூடினால் என்ன ஆகும் என்பதும் இதிலிருந்தே தெரியும். பயனர்கள் பெருகப் பெருக இரைச்சல் உயர்கிறது. ஓரத்தில் உள்ளவர் தன் முழுத் திறனையும் செலுத்தியும் கேட்கப்படாமல் போகிறார். கோபுரத்தின் வட்டம் சுருங்குகிறது. கூட்டம் கலைந்தால் மறுபடி விரிகிறது. பொறியாளர்கள் இதைக் கோபுரத்தின் மூச்சு என்பர். 2010-இல் நடந்த அலைக்கற்றை ஏலத்துக்குப் பிறகு தனியார் நிறுவனங்களின் 3ஜி தமிழ்நாட்டில் பரவியது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் மனிதத் தலைகளாக இருக்கும் இரவில் இந்த மூச்சு மிகவும் குட்டையாகிவிடும்.

இதே காலத்தில்தான் சிந்தனை ஒன்று தலைகீழானது. வேகத்தை நிலையாக வைத்துத் திறனை ஏற்றி இறக்குவதற்குப் பதில், திறனை நிலையாக வைத்து வேகத்தை ஏற்றி இறக்கினால் என்ன? 2002-இல் வரையறுக்கப்பட்ட எச்எஸ்டிபிஏ இதைச் செய்தது. செல்பேசி தனக்கு வரும் குறிகையின் தரத்தைத் தொடர்ந்து அறிவிக்கும். கோபுரம் 2 மில்லிநொடிக்கு ஒரு முறை அதற்கேற்ற வேகத்தைத் தேர்ந்தெடுக்கும். 4ஜியில் இந்தத் தர அறிவிப்புக்கு 15 படிகள் உள்ளன. அடிப்படியில் ஒரு ஹெர்ட்ஸுக்கு 0.15 பிட், மேற்படியில் 5.55 பிட். ஒரே கோபுரம், ஒரே திறன். ஆனால் இரண்டு பேருக்கு இடையே 36 மடங்கு வேக வேறுபாடு.

நான்கு கோடும் நகராத காணொளியும்

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியபின் தரவு மலிவானது. அதற்குமுன் தீபத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னவர்கள், இப்போது அங்கிருந்தே காணொளி அனுப்பத் தொடங்கினர். தீபம் ஏறிய சில நிமிடங்களில் செல்பேசித் திரையில் எல்லாக் கோடுகளும் நிறைந்திருக்கும்; காணொளி மட்டும் நகராது.

காரணங்கள் மூன்று. முதலாவது, திரையின் கோடுகள் கோபுரத்திலிருந்து வரும் குறிப்பலையின் வலிமையைப் பொறுத்தவை. சானனின் வாய்பாட்டுக்கு வேண்டியது வலிமை அல்ல, விகிதம். அண்டைக் கோபுரங்களும் அதே அலைவரிசையில் இயங்குவதால் வலுவான குறிகையும் வலுவான குறுக்கீடும் சேர்ந்தே வருகின்றன. எல்லாக் கோபுரங்களும் திறனை இரட்டித்தால் மேலே உள்ளதும் கீழே உள்ளதும் இரட்டிக்கும், விகிதம் நகராது. சந்தையில் எல்லோரும் சேர்ந்து கத்துவது போலத்தான்.

இரண்டாவது, வேகம் பகிரப்படுகிறது. ஒரு கோபுரத்தின் ஒரு பிரிவு மொத்தம் 40 மெகாபிட் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 400 பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது ஒருவருக்கு 100 கிலோபிட். 10 மெகாபைட் காணொளிக்கு 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். குறுஞ்செய்தி அதே நெரிசலிலும் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். அதில் உள்ளது சில நூறு பிட்டுகள்தான். கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்டவர் காணொளி அழைப்புக்கு முயல்வதைவிட நிற்கும் இடத்தை எழுதி அனுப்புவது நல்லது.

மூன்றாவது, அனுப்பும் திசை. கோபுரம் 20 முதல் 40 வாட் செலுத்தலாம், செல்பேசிக்கு 0.2 வாட்தான். கோபுரம் சொல்வது இவருக்குக் கேட்கும், இவர் சொல்வது கோபுரத்துக்குக் கேட்காது. ஒவ்வொரு செல்பேசியும் திறனை ஏற்றினால் அண்டைக் கோபுரத்தில் இரைச்சல் ஏறும்; அங்குள்ளவர்களும் ஏற்றுவார்கள். மின்கலம் சூடாகித் தீர்வதுதான் மிச்சம். ஆகவே 4ஜியில் ஓரத்தில் இருப்பவர் இழப்பை முழுவதும் ஈடுகட்டாமல், ஒரு பகுதியை மட்டும் ஈடுகட்டும்படி திறனைக் கட்டுப்படுத்துகிறார்கள். ஓரத்தில் நிற்பவருக்குக் கொஞ்சம் அநீதி. மொத்தத்தில் கூட்டத்துக்கு லாபம்.

திறனை ஏற்றச் சட்டமும் இடம் தரவில்லை. கோபுரக் கதிர்வீச்சு குறித்த அச்சத்தை ஒட்டி, 2012 செப்டம்பர் 1 முதல் இந்திய அரசு பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கை வரம்பாக்கியது: 900 மெகாஹெர்ட்ஸில் ஒரு சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1,800 மெகாஹெர்ட்ஸில் 0.9 வாட். பெருந்திருவிழாக்களில் நிறுவனங்கள் வண்டியில் ஏற்றிய தற்காலிகக் கோபுரங்களைக் கொண்டுவந்து நிறுத்துவது இதனால்தான். திறன் குறைந்த பத்துக் கோபுரங்கள், உரத்த ஒரு கோபுரத்தைவிடப் பல மடங்கு தரவைச் சுமக்கும். அதே அலைக்கற்றை பத்து இடங்களில் மறுபடி மறுபடி பயன்படுகிறது.

பொள்ளாச்சிக்காரரின் விடை

மடக்கையின் பிடியிலிருந்து விடுபட ஒரு வழியைக் காட்டியவர்களில் முதன்மையானவர் தமிழர். பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் சோனார் ஆய்வில் ஈடுபட்டு, பின் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்ற ஆரோக்கியசாமி பால்ராஜ், தாமஸ் கைலாத்துடன் இணைந்து 1992-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1994-இல் அது கிடைத்தது. இரு பக்கமும் பல ஆன்டெனாக்களை வைத்து, ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் வேறு வேறு தரவுகளை அனுப்பும் மைமோ முறையின் தொடக்கக் காப்புரிமை அது. 2014-இல் அவருக்கு மார்க்கோனி பரிசு வழங்கப்பட்டது.

கணக்கு எளிது. குறிகை இரைச்சலைப் போல 1,023 மடங்கு உள்ள ஒரு தடத்தில் ஒரு ஹெர்ட்ஸுக்கு 10 பிட் கிடைக்கும். திறனை இரட்டித்தால் 11 பிட். அதற்குப் பதிலாக, இருக்கிற திறனையே இரண்டாகப் பிரித்து இரண்டு ஓடைகளில் விட்டால் ஓர் ஓடைக்கு 9 பிட், மொத்தம் 18. சுவர்களிலும் பாறைகளிலும் பட்டு அலை பல வழிகளில் வருவது அதுவரை தொல்லையாகக் கருதப்பட்டது. மைமோவுக்கு அந்தப் பல வழிகளே மூலதனம். 5ஜி கோபுரங்களில் 64 ஆன்டெனாக்கள் வரை அடுக்கி, அலையை ஒவ்வொருவரின் பக்கமும் கற்றையாகத் திருப்புகிறார்கள். இந்தியாவில் இது 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது.

இதனுடன் அலைக்கற்றையின் அகலம் ஜிஎஸ்எம்மின் 200 கிலோஹெர்ட்ஸிலிருந்து 4ஜியில் 20 மெகாஹெர்ட்ஸாக, அதாவது நூறு மடங்காக, விரிந்தது. 1993-இல் வெளியான டர்போ குறியீடுகள் சானனின் எல்லைக்கு மிக நெருக்கமாகப் போக வழிசெய்தன. 2 வாட்டிலிருந்து 0.2 வாட்டுக்கு இறங்கியும் வேகம் ஏறியதன் பின்னணி இவ்வளவுதான்: கோபுரம் அருகே வந்தது, தடம் அகன்றது, குறியீடு தேர்ந்தது, ஓடைகள் பலவாயின.

ஜவ்வாது மலையில்

மேற்சொன்னவை எல்லாம் கூட்டமுள்ள இடத்துக்கான விடைகள். ஜமுனாமரத்தூரைச் சுற்றிய மலையூர்களுக்கு அவை பொருந்தா. அங்கே குறுக்கிட மற்றொரு கோபுரம் இல்லை; குறிகையே இல்லை. சானனின் வாய்பாட்டில் இது மறு கோடி. இங்கே திறன் இரட்டித்தால் வேகமும் ஏறத்தாழ இரட்டிக்கும். உயரமான கோபுரமும் தாழ்ந்த அலைவரிசையும் நேரடியாகப் பயன் தரும். ஆனால் ஒரு கோபுரத்துக்குக் கீழே சில நூறு பேரே இருப்பதால் நிறுவனங்களுக்கு அது வரவில்லாச் செலவு. கொரோனா காலத்து இணையவழி வகுப்புகளின்போது தமிழகத்தின் மலைக் கிராமங்கள் பலவற்றில் மாணவர்கள் குறிகை தேடிப் பாறைமீதும் மேட்டின்மீதும் ஏறி அமர்ந்த செய்திகள் வந்தன. மேட்டில் ஏறுவது செல்பேசியின் திறனைக் கூட்டாது. இடையில் நிற்கும் மலையை விலக்குகிறது. பாதையில் 10 டெசிபல் இழப்புக் குறைந்தால் அது பத்து மடங்கு திறனுக்குச் சமம்.

2022 சூலையில் நடுவண் அமைச்சரவை, நாட்டில் 4ஜி எட்டாத 24,680 சிற்றூர்களுக்கு 26,316 கோடி ரூபாயில் சேவை தரும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்து, அதை பிஎஸ்என்எல் பொறுப்பில் விட்டது. அந்நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட 700 மெகாஹெர்ட்ஸ் அலை 2,300 மெகாஹெர்ட்ஸைவிட மரங்களையும் மேடுகளையும் எளிதில் கடக்கும். அகலம் குறைவு என்பதால் உச்ச வேகம் குறைவுதான்.

தொலைவே முதன்மையாகும் இடங்களுக்கு 2016-இல் இன்னொரு முறையும் வரையறுக்கப்பட்டது. என்பி-ஐஓடி எனப்படும் அம்முறை நீர்மானி, மழைமானி போன்ற கருவிகளுக்கானது. 180 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள், குறிகை மிகவும் மெலிந்த இடத்தில் ஒரே செய்தியைக் கருவி 128 முறை வரை திரும்பத் திரும்ப அனுப்பும். கோபுரமோ 2,048 முறை வரை அனுப்பும். வேகம் நொடிக்குச் சில நூறு பிட்டுக்கு இறங்கும். மாற்றாக, ஜிஎஸ்எம் கேட்காத ஆழத்திலிருந்தும், அதைவிட 20 டெசிபல், அதாவது நூறு மடங்கு மெலிந்த குறிகையும் கோபுரத்துக்குக் கேட்கும்.